கூடையில் போட்ட காசு: குயவர் வாரன் மெக்கன்ஸி, ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஸ்டில்வாட்டர் என்று ஒரு சிறிய ஊர். மின்னியாபொலிஸ், செயின்ட் பால் என்ற இரட்டை நகரங்களுக்குக் கிழக்கே, செயின்ட் க்ராய் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் விஸ்கான்சின் மாநிலம். ஸ்டில்வாட்டருக்கு வெளியே ஒரு பழைய பண்ணை, அதில் ஒரு மண்பாண்டப் பட்டறை, அதோடு சேர்ந்து ஒரு விற்பனை அறை. அறைக்குள் போனால் அலமாரி நிறையக் கிண்ணம், தேநீர்க் கோப்பை, தட்டு, மூடி போட்ட ஜாடி. ஒவ்வொன்றிலும் விலை ஒட்டியிருக்கும். விற்க ஆள் இருக்காது, கல்லாவும் கிடையாது. ஒரு கூடை வைத்திருப்பார்கள், அதில் பணம் கிடக்கும். வேண்டியதை எடுத்து, நீங்களே கணக்குப் போட்டு, பணத்தைக் கூடையில் போட்டுவிட்டு, மீதிச் சில்லறையையும் அதிலிருந்தே எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

அந்தப் பாண்டங்களை வனைந்தவர் வாரன் மெக்கன்ஸி. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 37 ஆண்டுகள் மண்பாண்டக் கலை சொல்லிக்கொடுத்தவர். அமெரிக்கக் கைவினைக் கழகத்தின் தங்கப் பதக்கம் பெற்றவர். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் அவருடைய பாண்டம் இருக்கிறது. அப்படிப்பட்டவருடைய கிண்ணத்தைச் சில டாலர் கொடுத்து வாங்கிப் போய், அன்று இரவே அதில் சாப்பிடலாம். பல பத்தாண்டுகள் இப்படி நடந்தது. 2006இல் அறையை மூடிவிட்டார்.

அந்த அறை எப்படி உருவானது, ஏன் மூடப்பட்டது, அதற்கும் அவர் வகுப்பறையில் சொல்லிக்கொடுத்ததற்கும் என்ன உறவு என்பதுதான் இந்த ஆய்வு. எனக்குத் தெரிந்தவரை அவருடைய கிளேஸையோ (பாண்டத்தின் மேல் பூசிச் சுடும் கண்ணாடி போன்ற பூச்சு) வடிவத்தையோ பற்றிப் பேசுகிற அளவுக்கு அவருடைய விலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் விலையை விட்டுவிட்டால் அவர் பாதிதான் புரிவார் என்று நினைக்கிறேன்.

ஓவிய வகுப்பில் இடம் இல்லை

மெக்கன்ஸி 1924இல் மிசௌரி மாநிலத்தின் கான்சஸ் சிட்டியில் பிறந்தார், சிகாகோ பக்கம் வளர்ந்தார். ஓவியராக வேண்டும் என்பதுதான் ஆசை. சிகாகோ கலைக் கழகத்தின் பள்ளியில் சேர்ந்தார், 1943இல் ராணுவத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். போர் முடிந்து 1946இல் திரும்பி வந்தபோது, ராணுவத்திலிருந்து வந்தவர்களுக்கு அரசு கொடுத்த படிப்பு உதவியால் பள்ளி நிரம்பி வழிந்தது. ஓவிய வகுப்புகளில் இடம் இல்லை, மண்பாண்ட வகுப்பில் இருந்தது. சரி என்று அதில் உட்கார்ந்தார்.

அந்த வகுப்பில் சக்கரத்தில் வனையக் கற்றுக்கொடுப்பது அவ்வளவு பலமாக இல்லை. அப்போதுதான் ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச் 1940இல் வெளியிட்ட மட்பாண்ட நூல் மாணவர்கள் கைக்கு வந்தது. மண்ணை எப்படித் தயார் செய்வது, சக்கரத்தில் எப்படி இழுப்பது, சூளை எப்படிக் கட்டுவது என்று எல்லாம் அதில் இருந்தது. அதோடு, ஒரு குயவனுடைய வாழ்க்கை எப்படி இருக்கலாம் என்பதும் இருந்தது. மெக்கன்ஸியும் உடன் படித்த அலிக்ஸ் கொலெஸ்கியும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1947இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

இன்னொன்றும் அந்த நாட்களில் நடந்தது. சிகாகோவில் ஃபீல்ட் அருங்காட்சியகம் என்று ஒன்று உண்டு, மனித வாழ்க்கையையும் இயற்கையையும் பற்றியது. கலைக் கழகத்தில் பானைகள் கண்ணாடிக்குள் கலைப்பொருளாக நிற்கும். இங்கே அதே மாதிரிப் பானைகள், அவற்றில் சமைத்தவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், தானியம் சேர்த்தவர்கள் வாழ்க்கையோடு சேர்ந்து நிற்கும். தங்களை உலுக்கியவை இரண்டாவது இடத்துப் பானைகள்தான் என்று மெக்கன்ஸி பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். பின்னால் அவர் எடுத்த முடிவுகளுக்கெல்லாம் விதை அங்கேதான் விழுந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

சூளைக் காவல்

படிப்பு முடிந்ததும் செயின்ட் பால் நகரத்தில் ஒரு கலைப்பள்ளியில் வேலை கிடைத்தது. பாடம் நடத்தத் தொடங்கிய கையோடு, தங்களுக்கே போதுமான அளவு தெரியவில்லை என்பது இருவருக்கும் உறைத்தது. 1949 கோடை விடுமுறையில் சில பாண்டங்களை எடுத்துக்கொண்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்கள். கார்ன்வால் பகுதியில், செயின்ட் ஐவ்ஸ் என்ற கடலோர ஊரில் லீச்சின் பட்டறை. லீச் அவர்களுடைய பாண்டங்களைப் பார்த்துவிட்டு, மன்னிக்கவும், இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

பாண்டங்கள் அவ்வளவு நன்றாக இல்லை, அதுதான் விஷயம். மெக்கன்ஸியே அதை ஒளிக்காமல் சொல்வார்.

இருவரும் உடனே கிளம்பிவிடவில்லை. சில நாட்கள் அங்கேயே தங்கி, பட்டறையில் வேலை நடப்பதைப் பார்க்க அனுமதி கேட்டார்கள். அந்த நாட்களில் சூளைக்கு நெருப்பு வைத்தார்கள். லீச் பட்டறையின் சூளை 1923இல் மட்சுபயாஷி என்ற ஜப்பானியர் கட்டியது. மேடு ஏறுவதுபோல ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அறைகள், கீழ் அறையின் வெப்பம் மேல் அறைக்குப் போகும். இந்த மாதிரிச் சூளையை வைத்துவிட்டுத் தூங்கப் போக முடியாது. ராத்திரி முழுக்க யாராவது முறைபோட்டு விழித்திருக்க வேண்டும். லீச்சுக்கும் ஒரு முறை இருந்தது, நள்ளிரவு தாண்டிய நேரம். வாரனும் அலிக்ஸும் அவரோடு உட்கார்ந்துகொண்டார்கள். மண்ணைப் பற்றி, ஓவியத்தைப் பற்றி, ஜப்பானைப் பற்றி, அரசியலைப் பற்றிப் பேச்சு போனது. முறை முடிந்தபோது லீச் மனம் மாறியிருந்தார். அடுத்த ஆண்டு வாருங்கள் என்றார்.

பாண்டத்தைப் பார்த்து மறுத்தவர், ஆளைப் பார்த்து ஏற்றுக்கொண்டார். ஆசிரியர் வேலையில் இருப்பவர்கள் யாருக்கும் இந்த இடம் மனதில் தைக்கும். மெக்கன்ஸியும் பின்னாளில் தன் மாணவர்களை அவர்களுடைய முதல் வருடப் பானையை வைத்து அளக்கவில்லை.

1950இல் போனவர்கள் 1952 வரை இருந்தார்கள். தங்கியது லீச்சின் வீட்டிலேயே. பகலில் பட்டறையில் வேலை. லீச் பட்டறையில் அப்போது ஒரு விலைப்பட்டியல் இருந்தது. குவளை, கூஜா, அடுப்பில் வைக்கும் சட்டி என்று குறிப்பிட்ட வடிவங்கள், குறிப்பிட்ட அளவுகள். வடிவம் லீச்சுடையது, வனைவது மற்றவர்கள். ஒரே குவளையை ஒரு வாரம் வனைய வேண்டும். கை பழக இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் மெக்கன்ஸிக்கு ஒரு உறுத்தல் வந்தது. வனைகிறவன் அன்றைக்குக் கண்டுபிடித்ததைப் பாண்டத்தில் வைக்க இடமே இல்லையே என்பது. தன் பட்டறை என்று ஒன்று வந்தால் அதில் பட்டியல் இருக்காது என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

ராத்திரியில் வேறு பாடம். வீட்டில் லீச் சேர்த்துவைத்த பாண்டங்கள் நிறைய: பழைய ஆங்கிலேயக் கூஜாக்கள், கொரியாவின் சோசன் காலத்துக் கிண்ணங்கள், ஹமாடா ஷோஜியின் வேலைகள். ஹமாடா 1920இல் லீச்சோடு சேர்ந்து செயின்ட் ஐவ்ஸ் பட்டறையைத் தொடங்கியவர், பிறகு ஜப்பானுக்குத் திரும்பி மஷிகோ என்ற ஊரில் குடியேறியவர். இந்தப் பாண்டங்களைத் தினமும் கையில் எடுத்து, அவற்றில் குடித்து, சாப்பிட்டு வாழ்ந்ததில் மெக்கன்ஸிக்கு ஒரு வித்தியாசம் தெரிந்தது. லீச் முதலில் தாளில் வரைவார், வரைந்ததைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவார். ஹமாடாவின் பாண்டம் சக்கரத்திலேயே பிறந்தது. மெக்கன்ஸியின் மனம் ஹமாடா பக்கம் சாய்ந்தது. லீச்சை விட்டுக்கொடுத்து அவர் பேசியதே இல்லை, ஆனாலும் கை போன வழி ஹமாடாவின் வழி.

1952இல் லீச், ஹமாடா, யானகி சோயெட்சு மூவரும் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தார்கள். மினசோட்டாவுக்கு அவர்களை வரவழைத்ததில் மெக்கன்ஸி தம்பதிக்குப் பங்கு உண்டு. யானகி 1920களில் ‘மிங்கேய்’ என்ற சொல்லை உருவாக்கியவர்களில் ஒருவர். மக்கள் கைவினை என்று பொருள். பெயர் தெரியாத கைவினைஞர் அன்றாடப் புழக்கத்துக்காகச் செய்த மலிவான பொருளில்தான் உண்மையான அழகு இருக்கிறது என்பது அவர் வாதம்.

அந்த வாதத்துக்குள் ஒரு முடிச்சு இருக்கிறது. பெயர் தெரியாதவரின் மலிவான பாண்டத்தைப் புகழ்ந்த லீச்சும் ஹமாடாவும் உலகம் முழுக்கப் பெயர் பெற்றவர்கள், அவர்களுடைய பாண்டங்கள் மலிவும் இல்லை. ஹமாடா தன் பாண்டத்தில் கையெழுத்துப் போட மாட்டார். ஆனாலும் அது ஹமாடா என்று எல்லோருக்கும் தெரியும். இந்த முடிச்சை வாதத்தால் அவிழ்க்க முடியாது. வாழ்ந்து பார்த்தால்தான் உண்டு. மெக்கன்ஸியின் மீதி வாழ்க்கையை நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

ஒரு கிண்ணம்

ஸ்டில்வாட்டர் பண்ணையில் குடியேறி, களஞ்சியத்தைப் பட்டறையாக மாற்றினார்கள். 1953இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தத் தொடங்கினார். வீட்டில் வனைவது பெரும்பாலும் வாரன், மேலே தூரிகையால் கோலம் வரைவது பெரும்பாலும் அலிக்ஸ்.

அவருடைய சக்கரம் லீச் பட்டறையில் பழகிய அதே வகை. மரச்சட்டம், உட்காரப் பலகை, காலால் முன்னும் பின்னும் தள்ளும் மிதி. மின்சாரச் சக்கரம் கேட்ட வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். மிதிச் சக்கரம் அப்படி இல்லை, மண்ணை அழுத்தினால் வேகம் குறையும், காலை நிறுத்தினால் தானாகத் தளர்ந்து நிற்கும். அதனால் கையும் காலும் ஒரே மூச்சில் வேலை செய்ய வேண்டும். அந்தத் தளர்ச்சி பாண்டத்திலும் தெரியும்.

அவர் சிறிய கிண்ணங்களை வனைவது பெரிய மண்குவியலின் உச்சியிலிருந்து. குவியல் முழுவதையும் நடுவுக்குக் கொண்டுவரத் தேவையில்லை. மேலே ஒரு கைப்பிடி மண்ணை மட்டும் நடுவாக்கி, கட்டைவிரலை இறக்கித் திறக்க வேண்டும். உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கை, இரண்டுக்கும் நடுவில் சுவர் எழும்பும். விரல் போன தடம் வெளிப்பக்கம் சுருளாக நிற்கும், அதை அவர் வழித்துத் துடைத்து மறைக்க மாட்டார். விளிம்பை ஒரு ஈரத் தோல்துண்டால் அழுத்தி, அடியில் நூலை விட்டு அறுத்து எடுத்தால் ஒரு கிண்ணம். அடுத்த கைப்பிடி மண் அடுத்த கிண்ணம். ஆனால் அதே கிண்ணம் இல்லை. விளிம்பு கொஞ்சம் வெளியே விரியும், வயிறு கொஞ்சம் கீழே இறங்கும். பத்துப் பதினைந்து வனைந்தபின் பலகையைப் பார்த்தால் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்.

மறுநாள் மண் இறுகியதும் கவிழ்த்து வைத்து அடியைச் செதுக்க வேண்டும். அடிவளையம் என்பது வெளியில் இருந்து பார்ப்பவருக்குத் தெரியாத இடம். ஆனால் கிண்ணத்தைத் தூக்கும்போது விரல் நுனி போய் நிற்பது அங்கேதான். உயரம் குறைந்தால் சூடு கையில் ஏறும், கூடினால் மேசையில் ஆடும். நான் சக்கரத்தில் கற்றுக்கொள்ள ஆரம்பித்து ஆறு மாதம் வரை அடிவளையத்தை ஒரு சடங்கு மாதிரிதான் செதுக்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் நான் வனைந்த கிண்ணத்தில் நானே சூடான கஞ்சி ஊற்றிக் கையில் எடுத்தபோதுதான் அது எதற்காக என்று விளங்கியது. எந்த விளக்கவுரையும் அந்த ஒரு வாய்க் கஞ்சிக்கு ஈடாகாது. மெக்கன்ஸி தன் மாணவர்களிடம் திரும்பத் திரும்ப வலியுறுத்தியது இதைத்தான் என்று பிறகு படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

முதல் பத்தாயிரம் பாண்டம் வரைதான் கஷ்டம், அப்புறம் கொஞ்சம் சுலபமாகும் என்று அவர் சொன்னதாக ஒரு வாசகம் குயவர்களிடையே பிரபலம். அதை மிகைப்படுத்தல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நாளெல்லாம் வனைந்த கைக்குப் பத்தாயிரம் என்பது சில வருடக் கணக்கு. எண்ணிக்கை அவருக்கு ஏன் முக்கியம் என்றால், நிறைய வனைந்தால்தான் ஒவ்வொன்றின் மேலும் உள்ள பயம் போகும். பயம் போனால்தான் கை தளரும். நிறைய வனைந்தால் நிறைய விற்க வேண்டும். நிறைய விற்க விலை குறைவாக இருக்க வேண்டும். அவருடைய தளர்ந்த வடிவமும் மலிவான விலையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

1962இல் அலிக்ஸ் புற்றுநோயால் இறந்துபோனார். இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். பதினைந்து ஆண்டுகள் சேர்ந்து உட்கார்ந்து, ஒரே பாண்டத்தில் இருவர் கையும் பட வேலை செய்தவர்கள். அதற்குப் பிறகு அவருடைய பாண்டங்களில் தூரிகை ஓவியம் குறைந்துவிட்டது. ஷீனோ, செலடன், டெம்மொக்கு போன்ற கிளேஸ்களும், விரல் தடமும், சீவித் தட்டையாக்கிய பக்கங்களும்தான் மிஞ்சின. பலர் இதை அவருடைய எளிமைக் கொள்கை என்று எழுதுகிறார்கள். இருக்கலாம். அந்த எளிமையில் ஒரு இழப்பும் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். 1968இல் களஞ்சியப் பட்டறை தீப்பிடித்து எரிந்தது. மறுபடியும் கட்டினார்.

வகுப்பு

37 ஆண்டுகளில் அவரிடம் படித்தவர்கள் பலர் மினசோட்டாவிலும் பக்கத்து விஸ்கான்சினிலும் பட்டறை போட்டார்கள். அந்தப் பகுதிக்கு ‘மிங்கேய்சோட்டா’ என்று ஒரு செல்லப்பெயரே வந்துவிட்டது, மிங்கேயும் மினசோட்டாவும் சேர்ந்தது. இந்தப் பெயரைச் சிலர் குறையாகவும் சொல்வதுண்டு. எல்லோரும் ஒரே மாதிரி, பழுப்பும் சாம்பலுமாக, மெக்கன்ஸியின் நகல்களாக வனைகிறார்கள் என்று.

அவருடைய பேர் பெற்ற மாணவர்களை எடுத்துப் பார்த்தால் அந்தக் குறை நிற்காது. மார்க் ஃபாரிஸ் சக்கரத்தை விட்டு விலகி, காகிதத்தில் வெட்டிய வார்ப்புருக்களை வைத்து மண் தகடுகளை மடித்து ஒட்டிக் கோணம் கோணமான தேநீர்க் கெண்டிகளும் ஜாடிகளும் செய்தார். தையல்காரர் துணி வெட்டுகிற முறை அது. பின்னாளில் அவரே அதே பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். மைக்கேல் சைமன் தெற்கே ஜார்ஜியா மாநிலத்துக்குப் போய், உப்பு போட்டுச் சுடும் சூளையில் மீனும் பறவையும் வரைந்த ஜாடிகள் செய்தார். ஜெஃப் ஓஸ்ட்ரைக் மெக்கன்ஸியின் வழியிலேயே செயின்ட் ஐவ்ஸ் போய் லீச்சிடம் தொழில் பழகி வந்தவர். ராண்டி ஜான்ஸ்டன் ஜப்பானில் ஹமாடாவின் சீடரான ஷிமாவோகா தட்சுஸோவிடம் போனார், திரும்பி வந்து விறகுச் சூளையில் கனமான, முரட்டு வடிவங்களைச் செய்தார். நான்கு பேருடைய பாண்டங்களையும் ஒரு மேசையில் வைத்தால் ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அப்படியானால் அவர் சொல்லிக்கொடுத்தது என்ன? பாணியைச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது தெளிவு. என் பார்வையில், மூன்று விஷயங்களைக் கண்முன் நடத்திக் காட்டினார். குயவனாக ஒரு நாள் என்பது எப்படி இருக்கும் என்பது ஒன்று. பாண்டத்தை எடைபோட வேண்டிய இடம் சமையலறை என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் எனக்குப் பெரியதாகப் படுகிறது: பாண்டத்துக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் யாரும் நிற்க வேண்டியதில்லை என்பது. மாணவர்கள் ஸ்டில்வாட்டருக்குப் போவார்கள், அலமாரியைப் பார்ப்பார்கள், கூடையைப் பார்ப்பார்கள். பாடத்திட்டத்தில் இல்லாத பாடம் அது. இன்றைக்கும் ஒவ்வொரு ஆண்டும் மே மாதத்தில் செயின்ட் க்ராய் பள்ளத்தாக்குக் குயவர்கள் பட்டறைகளைத் திறந்துவைத்து, ஊர் ஊராகப் போய் வாங்கும் ஒரு சுற்றுலா நடக்கிறது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் குயவர்களை விருந்தாளிகளாக வரவழைத்து, அவர்களுடைய பாண்டங்களையும் பக்கத்தில் வைத்து விற்கிறார்கள்.

விலையின் கணக்கு

இப்போது அந்த அறைக்குத் திரும்புவோம்.

விலை ஏன் குறைவு என்று கேட்டால் அவருடைய பதில் நேரானது. கிண்ணம் புழக்கத்துக்காகச் செய்தது. உடைந்தால் நெஞ்சு வெடிக்கிற விலைக்கு வாங்கினால் யாரும் அதில் சாப்பிட மாட்டார்கள், கண்ணாடி அலமாரியில் ஏற்றிவிடுவார்கள். அலமாரியில் ஏறிய கிண்ணத்தின் அடிவளையம் யார் விரலுக்கும் தெரியாது. ஆக, விலை கூடினால் பாண்டத்தின் பாதி செத்துவிடுகிறது. ஒரு குயவர் விளிம்பைப் பற்றி யோசிக்கிற அதே அக்கறையோடு விலையைப் பற்றி யோசித்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு நேர்மையாக இருக்காது. மெக்கன்ஸிக்கு 1990 வரை மாதச் சம்பளம் வந்தது. பாண்டம் விற்றுத்தான் அடுப்பு எரிய வேண்டும் என்ற நிலை அவருக்கு இல்லை. அவரிடம் படித்துவிட்டு, பல்கலைக்கழக வேலை கிடைக்காமல், பாண்டத்தை மட்டும் நம்பிப் பக்கத்து ஊரில் பட்டறை போட்ட ஒரு இளைஞனை நினைத்துப் பாருங்கள். மண், கிளேஸ், சூளைக்கு எரிபொருள், வீட்டு வாடகை, எல்லாம் அவன் தலையில். ஊரிலேயே பேர்போன குயவர் ஒரு கிண்ணத்தைச் சில டாலருக்குக் கொடுக்கும்போது, இவன் அதைவிட அதிகமாக எப்படிக் கேட்பான்? குருவின் பெருந்தன்மை சீடனின் வயிற்றில் அடிக்கலாம். நம் ஊரிலும் சம்பளம் வாங்கிக்கொண்டு கலை செய்பவருக்கும் கலையை விற்றுச் சாப்பிடுபவருக்கும் நடுவில் இந்தச் சிக்கல் இருக்கத்தான் செய்கிறது.

இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தபிறகும் நான் அவர் பக்கம்தான் நிற்பேன், ஒரு காரணத்துக்காக. அந்த அறையில் முதன்முதலாகக் கையால் வனைந்த கிண்ணம் வாங்கியவர்கள் ஏராளம். அதில் ஒரு மாதம் சாப்பிட்டுப் பழகியவருக்குக் கடைக் கிண்ணம் அப்புறம் ருசிக்காது. மினசோட்டாவில் இவ்வளவு குயவர்கள் பிழைக்கிற அளவுக்கு ஒரு வாங்கும் கூட்டம் உருவானதில் அந்த மலிவு விலைக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்று நம்புகிறேன். மாணவர்களுக்கு மட்டும் இல்லை, வாங்க வந்தவர்களுக்கும் அவர் ஆசிரியராக இருந்தார்.

முத்திரை

தொடக்கத்தில் அவருடைய பாண்டங்களின் அடியில் சிறிய முத்திரை இருக்கும். வருகிறவர்கள் கிண்ணத்தைக் கையில் ஏந்தாமல், முதலில் கவிழ்த்து முத்திரையைத் தேட ஆரம்பித்தார்கள். ஒரு கட்டத்தில் முத்திரை வைப்பதை நிறுத்திவிட்டார். ஹமாடா செய்தது, யானகி எழுதியது எல்லாம் இதற்குப் பின்னால் இருக்கின்றன. ஆனால் முத்திரை இல்லாவிட்டாலும் தெரிந்தவர்களுக்கு அது மெக்கன்ஸி என்று தெரியும். பெயரை அழித்தாலும் பெயர் போகவில்லை. முன்னே சொன்ன முடிச்சு இங்கே இன்னும் இறுகியது.

பெயர் வளர வளர, வெளியே ஒரு சந்தை வளர்ந்தது. ஸ்டில்வாட்டரில் சில டாலருக்குக் கிடைத்த கிண்ணம் வெளியில் பல மடங்கு விலைக்குப் போனது. ஈபே வந்தபிறகு அது இன்னும் சுலபமாகிவிட்டது. காலையில் வந்து அள்ளிக்கொண்டு போய், சாயங்காலம் இணையத்தில் ஏற்றிவிடலாம். ஓர் ஆளுக்கு இத்தனைதான் என்று அவர் அளவு வைத்துப் பார்த்தார். மறுவிற்பனைக்கு வாங்க வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தார். 2006இல் அறையை மூடினார்.

இந்த நிகழ்வில் என்னை நிறுத்தி யோசிக்கவைக்கும் இடம் இதுதான். ஆளில்லாத அறை, திறந்த கூடை என்று கேட்டவுடன் யாருக்கும் தோன்றும் முதல் கேள்வி, திருடிவிட மாட்டார்களா என்பது. அறை மூடியதற்குக் காரணம் திருட்டு இல்லை. ஒட்டியிருந்த விலையைக் கூடையில் சரியாகப் போட்டுவிட்டுப் போனவர்களால் மூடியது. கூடை கேட்டது காசைத்தான், அதை ஒழுங்காகக் கொடுத்தார்கள். அந்த அறை கேட்டது வேறொன்று. இந்தக் கிண்ணத்தில் சாப்பிடு என்று கேட்டது. அதை எந்தக் கூடையாலும் வசூலிக்க முடியாது.

குயவரால் முதல் விற்பனையின் விலையைத்தான் தீர்மானிக்க முடியும். இரண்டாவது விற்பனை அவர் கையில் இல்லை. விலையை ஏற்றியிருந்தால் மறுவிற்பனைக்காரருக்கு லாபம் இருந்திருக்காது, அறையும் திறந்தே இருந்திருக்கும் என்று வாதிடலாம். பொருளாதாரக் கணக்குப்படி அது சரி. ஆனால் அப்போது அது வேறு அறையாக இருந்திருக்கும், உள்ளே வருகிறவர்களும் வேறு ஆட்களாக இருந்திருப்பார்கள். விலையை ஏற்றித் திறந்து வைப்பதா, விலையை விடாமல் மூடுவதா என்று வந்தபோது அவர் கதவை விட்டார், விலையைப் பிடித்துக்கொண்டார்.

மூடியபிறகு வனைவதை நிறுத்தவில்லை. பாண்டங்கள் மின்னியாபொலிஸின் நார்தர்ன் க்ளே சென்டர் போன்ற இடங்கள் வழியாக விற்பனைக்குப் போயின. தொண்ணூறு வயதுக்குப் பக்கத்திலும் சக்கரத்தில் உட்கார்ந்தார். 2018 டிசம்பர் 31ஆம் தேதி, 94 வயதில், ஸ்டில்வாட்டரிலேயே காலமானார். பல்கலைக்கழகத்தின் வைஸ்மன் கலை அருங்காட்சியகத்தில் அவருடைய பாண்டங்கள் நிறைய இருக்கின்றன, பத்திரமாக, கண்ணாடிக்குப் பின்னால். மினசோட்டாவின் சமையலறைகளில் இருப்பவற்றுக்குக் கணக்கு கிடையாது. அவற்றில் பலவற்றின் அடியில் முத்திரை இல்லை. யாரோ ஒருவர் காலையில் கஞ்சி குடித்துவிட்டு, கழுவி, கவிழ்த்து வைத்திருப்பார்.